நரம்பு முனையில் திறக்கும் கால்சியக் கதவு

நரம்புக்குள் ஓடும் மின்சாரம் கால்சியக் கால்வாய்களை எப்படித் திறக்கிறது, எப்படி மூடுகிறது என்று வந்த கேள்விகளுக்கு, உடலியங்கியல் கற்பித்து ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் பதில் சொல்கிறார்.

தக்கலை, பிளஸ் டூ மாணவி: டீச்சர், மின்துடிப்பு வந்தது கால்வாய்க்கு எப்படித் தெரியும்?

நல்ல கேள்வி மக்ளே. சும்மா இருக்கும் நரம்புசெல்லின் உள்பக்கம் வெளியைவிடச் சுமார் 70 மில்லிவோல்ட் குறைவு. கால்வாய் என்பது செல்லின் மேலுறையில் கால்சியம் நுழைய வழிவிடும் ஒரு புரதம். அதில் நேர்மின்சுமை உள்ள துண்டுகள் சில உண்டு. உள்ளே இருக்கும் எதிர்மின்னழுத்தம் அவற்றை உள்பக்கமாக இழுத்து வைத்திருக்கும். துடிப்பு வந்ததும் அந்தப் பிடி தளர்ந்து, துண்டுகள் வெளிப்பக்கம் நகர, வாசல் திறக்கும். செல்லுக்கு வெளியே கால்சியம் உள்ளே இருப்பதைப்போல் ஏறத்தாழ 10,000 மடங்கு. பேச்சிப்பாறை மதகைத் தூக்கியதுபோல் பாய்ந்து வரும். அது நரம்பு முனையில் இருக்கும் சின்னப் பைகளைத் தூண்ட, வேதிச்செய்தி அடுத்த செல்லுக்குப் போகும். எல்லாம் ஒரு மில்லிவினாடி அளவில் முடிந்துவிடும்.

குளச்சல், மீன்பிடித் தொழிலாளர்: கணவாயை வைத்துத்தான் கண்டுபிடித்தார்களா?

கணவாயும் நண்டும் அண்ணே. ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் 1952-ல் மின்துடிப்பை விளக்கியது கணவாயின் தடித்த நரம்பில். அங்கே சோடியம் உள்ளே பாய்ந்துதான் துடிப்பு எழும். மறுவருடம் ஃபாட்டும் காட்ஸும், சோடியம் இல்லாமலே நண்டுத் தசையில் துடிப்பு எழுவதைப் பார்த்தார்கள். கால்சியம்தான் அங்கே உள்ளே வருகிறது என்பது அப்புறம் தெளிவானது.

மார்த்தாண்டம், இல்லத்தரசி: கால்சியம் மாத்திரை சாப்பிட்டால் நரம்பு சுறுசுறுப்பாகுமா?

ஆகாது. இரத்தத்தில் கால்சியம் குறைந்தால்தான் நரம்பு அடங்காமல் துடித்து, விரல்கள் இழுத்துப்பிடிக்கும். டாக்டர் சொன்னால் மட்டும் சாப்பிடுங்கள்.

நாகர்கோவில், நர்சிங் மாணவர்: துடிப்பு விடாமல் வந்தால் வாசல் திறந்தே கிடக்குமா?

கிடக்காது, எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். கால்வாயோடு ஒட்டியே கால்மொடுலின் என்ற சின்னப் புரதம் காத்திருக்கும். உள்ளே வந்த கால்சியம் அதில் ஒட்டியதும், பல கால்வாய்களில் வாசல் மூடத் தொடங்கும். வந்த கால்சியமே தன் வழியை அடைக்கிறது! அளவுக்கு மீறினால் செல்லே செத்துவிடும் என்பதால் இந்தக் காவல் அவசியம்.

கன்னியாகுமரி, சங்குக் கடைக்காரர்: கூம்பு வடிவச் சங்கில் விஷம் உண்டென்கிறார்களே டீச்சர்?

உயிருள்ள நத்தையில் உண்டு. ஒரு வகைக் கூம்பு நத்தையின் நஞ்சு நரம்பு முனைக் கால்சியக் கால்வாயை அடைத்துவிடும். அதே மூலக்கூறைச் செயற்கையாகத் தயாரித்து, தீராத வலிக்குத் தண்டுவடத் திரவத்தில் செலுத்தும் மருந்தாக 2004-ல் அமெரிக்கா அனுமதித்தது. வலிச்செய்தி கடக்கும் முனையிலேயே கதவு சாத்தப்படுகிறது. காய்ந்த சங்கைப் பயமில்லாமல் விற்கலாம். கரையில் உயிரோடு கிடந்தால் மட்டும் கையால் எடுக்காதீர்கள், பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.