வாசகர் கேள்வி பதில்: பஸ்ஸுல வர்ற 'ப'

கேள்வி: தோஹால வேலை பாக்குறேன், ஊர் ராமநாதபுரம் பக்கம். போன மாசம் எங்க டீம்ல ஒரு சிங்களப் பையன் சேர்ந்தான். நல்லாதான் பழகுறான், கொண்டு வர்ற சாப்பாட்டைக் கூட எனக்குக் கொடுக்கறான். ஆனா இலங்கைல 83லயும் 2009லயும் தமிழர்களைக் கொன்னதை எல்லாம் படிச்சு வளர்ந்த எனக்கு அவன் முகத்தைப் பாத்தாலே வயித்தைப் பிசையுது. இவனுங்க எல்லாருமே இப்படித்தான்னு தோணுது. தப்பா சார்? (பெயர் வேண்டாம்)

பதில்: கோபம் வர்றது தப்பே இல்ல தம்பி. நீங்க எழுதினதுல என்னை உறுத்தினது அந்த "எல்லாருமே"தான்.

83 ஜூலைல கொழும்புப் பக்கம் பஸ்ஸை மறிச்சு ஏறி, உள்ள இருக்கிறவங்களை 'பால்திய'ன்னு சொல்லச் சொன்னாங்க. சிங்களத்துல வாளின்னு அர்த்தம். அந்த 'ப' பல்லுல வர்ற ப இல்ல, பஸ்ஸுல வர்ற ப. நம்ம எழுத்துல ரெண்டும் ஒண்ணுதான், நிறைய தமிழர்களுக்கு நாக்கு அங்க தடுமாறும். தடுமாறினவங்களை இழுத்துப் போட்டுக் கொன்னாங்க. அவங்க டீச்சரா கிளார்க்கா, யாருக்கு ஓட்டுப் போட்டாங்க, எதையுமே கேக்கல, ஒரு எழுத்து போதுமா இருந்துச்சு. "எல்லாருமே"ங்கிறது அந்தக் கும்பலோட வார்த்தை தம்பி, அது நமக்கு வேண்டாம்.

கும்பல் கையில வாக்காளர் பட்டியல் இருந்துச்சு, எது தமிழர் வீடுன்னு தெரிஞ்சேதான் வந்தாங்க. ஜனாதிபதி ஜெயவர்த்தனா நாலு நாள் கழிச்சு டிவில பேசினார், அதுலயும் வீடு வாசல் போன தமிழர்களுக்கு ஒரு ஆறுதல் வார்த்தை கிடையாது. இதையெல்லாம் பேர் சொல்லியே திட்டுங்க, நானும் திட்டுறேன். ஆனா எனக்குத் தெரிஞ்ச யாழ்ப்பாணத்து அக்கா ஒருத்தங்க இப்ப சென்னைல இருக்காங்க, அப்ப அவங்களை ஒளிச்சு வச்சது பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பம். உள்ள இழுத்ததும் அந்த வீட்டம்மா முதல்ல செஞ்சது இவங்க நெத்திப் பொட்டைத் தன் முந்தானையால துடைச்சதுதானாம். "அவ துடைக்காட்டி நான் இண்டைக்கு இல்லை"ன்னு சொல்லும்போது அக்கா கை தானா நெத்திக்குப் போகும். எல்லாருமேன்னு எழுதினா அந்தம்மாவையும் அதுல சேக்கணும், என்னால முடியாது.

கேள்வி: அப்போ சிங்களப் பேரினவாதம்னு சொல்றதே தப்புங்கறீங்களா?

பதில்: ஐயோ, இல்ல, சத்தமா சொல்லுங்க. அது ஒரு அரசியல், அதுக்கு ஆள் உண்டு, தேதி உண்டு. 1956ல பண்டாரநாயக்க, 24 மணி நேரத்துல சிங்களம் மட்டும்தான் ஆட்சிமொழின்னு சொல்லி ஓட்டு வாங்கிப் பிரதமரானார். அடுத்த வருஷமே தமிழர் தலைவர் செல்வநாயகத்தோட ஒப்பந்தம் போட்டார், புத்த பிக்குகள் வீட்டு வாசல்ல வந்து உக்காந்ததும் அதைக் கைவிட்டார், கடைசில 1959ல ஒரு பிக்குவே அவரைச் சுட்டுட்டார். 56ல பார்லிமெண்ட்ல அந்த 'சிங்களம் மட்டும்' சட்டத்தை எதிர்த்து, ரெண்டு மொழின்னா ஒரு நாடு, ஒரு மொழின்னா ரெண்டு நாடுன்னு எச்சரிச்சவர் இடதுசாரித் தலைவர் கொல்வின் ஆர். டி சில்வா, அவரும் சிங்களவர்தான். ஆனா 1972ல சிங்களத்துக்கும் பௌத்தத்துக்கும் முதலிடம் கொடுத்த அரசியலமைப்பை முன்னின்னு எழுதினதும் அதே கொல்வின்தான், அதை மொதல்ல படிச்சப்போ எனக்கு நம்பவே முடியல. இனத்தை வச்சு யாரையும் எடை போடாதீங்கன்னு சொல்ற நானே, மேடைப் பேச்சை வச்சும் எடை போடாதீங்க, எதுல கையெழுத்துப் போடறாங்கன்னு பாருங்கன்னு சேத்துச் சொல்றது அதனாலதான்.

கேள்வி: நம்ம பக்கம் யாரும் அப்படிச் செய்யலையே? (வாசகர், மதுரை)

பதில்: செஞ்சாங்க. 1990 அக்டோபர்ல வடக்குல இருந்த முஸ்லிம்கள் மொத்தப் பேரையும் புலிகள் வெளியேத்தினாங்க. யாழ்ப்பாண டவுன்ல கொடுத்த கெடு ரெண்டே மணி நேரம். அவங்களும் தமிழ் பேசறவங்க, அங்கயே பொறந்து வளர்ந்தவங்க, பல குடும்பம் புத்தளம் பக்கம் முகாம்லயே வருஷக்கணக்குல கிடந்துச்சு. அங்கயும் கைக்குழந்தைல இருந்து கிழவி வரைக்கும் "எல்லாருமே"தான்.

தோஹா தம்பி, அந்தப் பையன்கிட்ட 83 பத்தி அவங்க வீட்ல என்ன சொல்லி வளர்த்தாங்கன்னு ஒருநாள் சாப்பிடும்போது கேளுங்க. அப்படி ஒண்ணு நடக்கவே இல்லன்னு சொன்னான்னா விடாதீங்க, நல்லா சண்டை போடுங்க, அவன் சொன்னதுக்காக அவன்கூட. என்ன சொன்னான்னு எனக்கும் எழுதுங்க.