பெயரில்லாத வெள்ளிக் காசுகள்: வாசகர் கேள்வி – பதில்

இம்மாதம் பாலக்காட்டிலிருந்தும் ஆந்திர எல்லை ஊர்களிலிருந்தும் வந்த கடிதங்களில் பலவும் கி.பி. 6 முதல் 12ஆம் நூற்றாண்டு வரையிலான வெள்ளிக் காசுகளைப் பற்றியவை. ஒரே வகைக் காசைப் பற்றிப் பலர் கேட்டிருந்த இடங்களில், எடையும் அளவும் குறித்து எழுதியவரின் கடிதத்தையே எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி (கொழிஞ்சாம்பாறை): ஐயா, அகமதாபாத்தில் துணி வியாபாரம் செய்த என் தாத்தா விட்டுச் சென்ற டப்பாவில், கட்டைவிரல் நகமளவில் தடித்த வெள்ளிக் காசுகள் சில இருக்கின்றன. எழுத்து எதுவும் இல்லை. இரண்டு பக்கமும் புள்ளிகளும் கோடுகளும்தான். நகைக்கடைத் தராசில் ஒவ்வொன்றும் 4 கிராமுக்குச் சற்றுக் குறைவாக நிற்கிறது. பழங்காசு வியாபாரி ஒருவர், வில்லும் அம்பும் தெரிவதால் இவை சேரர் காசுகள் என்கிறார். உண்மைதானா?

பதில்: இவை சேரர் காசுகள் அல்ல. குஜராத், ராஜஸ்தான், மால்வா பகுதிகளில் ஏறத்தாழ 9 முதல் 12ஆம் நூற்றாண்டு வரை ஏராளமாக வழங்கிய, நாணயவியலார் 'கதையா' என்று குறிப்பிடும் காசுகள். தாத்தா தொழில் செய்த ஊரும் இதற்குப் பொருந்தி வருகிறது.

உங்கள் கையிலுள்ள புள்ளிகளுக்கும் கோடுகளுக்கும் ஒரு நீண்ட வமிசாவளி உண்டு. பாரசீகத்தை ஆண்ட சாசானிய மன்னன் பெரோஸ், ஹெப்தலைட்டு ஹூணர்களிடம் தோற்றுச் சிறைப்பட்டு, மீட்புப் பணமாகப் பெருந்தொகை வெள்ளியைக் கொடுத்தான். பின்னர் 484இல் அவர்களோடு மீண்டும் போரிட்டு மடிந்தான். அவனுடைய வெள்ளிக் காசின் முன்புறத்தில் சிறகு வைத்த முடியணிந்த மன்னனின் மார்பளவு உருவமும், பின்புறத்தில் இருபுறமும் காவலர் நிற்கும் தீ வேள்விப் பீடமும் இருந்தன. ஹூணர் வழியாக இந்தியாவின் வடமேற்குக்கு வந்த இந்த அச்சை இங்குள்ள அக்கசாலைகள் (காசு அடிக்கும் பட்டறைகள்) நகலெடுத்தன. அந்த நகலை அடுத்த தலைமுறை நகலெடுத்தது. பீடத்தையோ அந்த மன்னனையோ ஒருபோதும் பார்த்திராத கைகள் வெட்டிய அச்சுகளில் முகம் ஒரு கோடாகவும், கண் ஒரு புள்ளியாகவும், காவலர்கள் புள்ளி வரிசைகளாகவும் ஒடுங்கிப்போனார்கள். வியாபாரி வில் என்று காட்டியது, பீடத்தின் சுவாலைக்குப் பக்கத்தில் தொடக்கத்திலிருந்தே இருந்துவரும் பிறையாகத்தான் இருக்க வேண்டும். அம்பு என்பது பீடத்தின் தண்டு.

இந்த வரிசையில் ஒரு காசை எங்கே வைப்பது என்பதற்கு முதலில் பார்க்க வேண்டியது அதன் உடல்வாகு. மூலக் காசு ஏறத்தாழ 27 மில்லிமீட்டர் அகலமுள்ள மெல்லிய தகடு. காலம் செல்லச் செல்ல அகலம் 15 மில்லிமீட்டர் அளவுக்குச் சுருங்கித் தடிமன் கூடியது. எடை மட்டும் 4 கிராமை ஒட்டியே நின்றது. இரண்டாவதாக முகத்தைப் பாருங்கள்: மூக்கும் உதடும் இன்னும் பிரித்தறிய முடிந்தால் காசு முற்பட்டது. மூன்றாவது, வெள்ளியின் தரம். கடைசிக் கட்டத்துக் காசுகளில் செம்பு மிகுந்து நிறமே மாறிவிடுகிறது. வெள்ளியின் தரம் தெரியாவிட்டாலும், முதல் இரண்டையும் சேர்த்துப் பார்க்கையில் உங்கள் காசுகள் பிற்பட்டவை என்று கொள்ளலாம்.

எந்த அரசன் வெளியிட்டது என்று கேட்டால், பெயர் பொறிக்கப்படாத காசுக்குப் பெயர் சூட்டாமல் இருப்பதே முறை. குஜராத்தின் சாளுக்கியர், மால்வாவின் பரமாரர், ராஜஸ்தானின் சாகமானர் என மூன்று அரசுகளின் எல்லைக்குள்ளும் இவை புழங்கின. 'ஸ்ரீ ஓங்கார' என்ற எழுத்துள்ள வகையைப் போன்ற சில விதிவிலக்குகள் மட்டும் உண்டு. அதை மால்வாவோடு இணைப்பது வழக்கம். காசு கிடைத்த இடம் தெரிந்திருந்தால் இன்னும் ஒரு படி நெருங்கியிருக்கலாம். டப்பாவுக்குள் வந்து சேர்ந்தபோதே அந்தச் சான்று போய்விட்டது. எனவே உறையின் மேல் 'கதையா வகை, மேற்கு இந்தியா, 11–12ஆம் நூற்றாண்டு' என்று எழுதி, எடையையும் விட்டத்தையும் குறித்து, 'தாத்தாவின் அகமதாபாத் சேகரிப்பு' என்பதையும் சேர்த்துவிடுங்கள்.

சேரர் வெள்ளி எப்படி இருக்கும் என்பதையும் சொல்லிவிடலாம். சங்க காலத்தவற்றில் தலை உருவத்தோடு 'மாக்கோதை', 'குட்டுவன் கோதை' என்று தமிழ் பிராமியில் பெயர் இருக்கும். இடைக்காலத்தைச் சேர்ந்த அரிய வெள்ளிக் காசொன்றில் 'ஸ்ரீ வீரகேரளஸ்ய' என்று நாகரியில் பொறித்திருக்கிறது. இரண்டிலும் எழுத்து உண்டு.

கேள்வி (நகரி): பன்றி முகமும் மனித உடலும் கொண்ட உருவம் பொறித்த வெள்ளிக் காசு ஒன்று என்னிடம் உள்ளது. வேங்கியை ஆண்ட கீழைச் சாளுக்கியரின் சின்னம் வராகம் என்று படித்திருக்கிறேன். இது நம் பகுதிக் காசுதானே?

பதில்: ஆந்திரத்தில் இருப்பவருக்கு அப்படித் தோன்றுவது இயல்பு. ஆனால் சின்னம் ஒன்றாக இருப்பதால் வமிசமும் ஒன்றாகிவிடாது. கீழைச் சாளுக்கியர் காசில் வருவது நான்கு காலில் நிற்கும் பன்றி. முதலாம் சக்திவர்மன், ராஜராஜ நரேந்திரன் ஆகியோரின் பொற்காசுகளில், அகன்ற மெல்லிய தகட்டின் நடுவில் அந்தப் பன்றியும் சுற்றிலும் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனி முத்திரையால் குத்தப்பட்டிருக்கும். உங்களிடம் இருப்பது கன்னோசியை ஆண்ட கூர்ஜர பிரதிகாரன் மிகிர போஜனின் (ஏறத்தாழ 836–885) 'ஆதிவராக திரம்மம்' (திரம்மம் என்பது அக்கால வெள்ளிக் காசின் பெயர்). மறுபக்கத்தில் 'ஸ்ரீமதாதிவராஹ' என்று இரண்டு வரியில் நாகரி எழுத்து இருக்கும். அதற்குக் கீழே உற்றுப் பாருங்கள், முன் பதிலில் சொன்ன தீ வேள்விப் பீடத்தின் மிச்சம் தெரியும். விஷ்ணுவின் அவதாரத்தை ஒரு பக்கம் நிறுத்திய அரசனும், மக்கள் கைக்குப் பழகிப்போன பீடத்தை மறுபக்கத்திலிருந்து முழுவதும் எடுக்கத் துணியவில்லை. வட இந்தியாவில் பிரதிகாரர் காலத்துச் சீயடோணிக் கல்வெட்டு திரம்ம வகைகளைப் பெயர் சொல்லிப் பிரிக்கும்போது ஆதிவராக திரம்மத்தையும் குறிப்பிடுகிறது. கல்வெட்டில் வரும் பெயரைக் கையிலுள்ள காசோடு இத்தனை உறுதியாகப் பொருத்த முடிவது அபூர்வம். கேரளத்துச் சேரர் காலத்து வாழப்பள்ளிச் செப்பேடு 'தீனாரம்' என்று தண்டத்தொகையைச் சொல்கிறது. எந்தக் காசைச் சொல்கிறது என்று அதை வைத்து யாராலும் கையைக் காட்ட முடியாது.

கேள்வி (கொல்லங்கோடு): வெள்ளியின் தரத்தை வீட்டிலேயே தண்ணீரில் எடை போட்டுக் கண்டுபிடிக்கலாம் என்கிறார்களே?

பதில்: கண்டுபிடிக்கலாம், ஆனால் தராசு நல்லதாக இருக்க வேண்டும். தண்ணீர்க் குவளையைத் தராசில் வைத்துப் பூச்சியமாக்கிவிட்டு, நூலில் கட்டிய காசை அடியில் தொடாமல் மூழ்கவிட்டால், அது வெளியேற்றும் நீரின் எடையைத் தராசு காட்டும். காசின் எடையை அந்த எண்ணால் வகுத்தால் ஒப்படர்த்தி கிடைக்கும். தூய வெள்ளிக்கு அது 10.49, செம்புக்கு 8.96. 4 கிராம் காசு 0.40 கிராம் நீரை வெளியேற்றினால் விடை 10. அதாவது எடையில் 71 விழுக்காடு அளவுக்கு வெள்ளி, மீதி செம்பு. ஆனால் கடையில் வாங்கும் 0.01 கிராம் தராசு கடைசி இலக்கத்தில் ஒன்று முன்னே பின்னே போனாலே விடை 56 விழுக்காட்டுக்கும் 87 விழுக்காட்டுக்கும் இடையில் எங்கும் நிற்கும். 0.001 கிராம் காட்டும் தராசு இல்லையென்றால் இந்தச் சோதனையை நம்பி எதையும் எழுதாதீர்கள். ஊடுகதிர் (எக்ஸ்ரே) சோதனைக்கும் ஓர் எச்சரிக்கை: மண்ணில் கிடந்த கலப்பு வெள்ளியின் மேற்பரப்பில் செம்பு அரித்துப் போயிருப்பதால், மேலே வெள்ளி கூடுதலாகத் தெரியும். அதற்காகச் சுரண்டவோ, புளியும் சாம்பலும் இட்டுத் தேய்க்கவோ, ஆசாரியிடம் கொடுத்து அமிலத்தில் முக்கவோ வேண்டாம். பச்சைப் படிவத்தோடு இருக்கும் காசே ஆய்வுக்குப் பயன்படும்.

கேள்வி (ஆரியங்காவு): மிளகளவு வெள்ளிக் காசு, அரை கிராம்கூட இல்லை. இதுவும் ஆயிரம் ஆண்டுப் பழமையா?

பதில்: இல்லை. திருவிதாங்கூர்ச் சக்கரம். 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய். குழிகள் வெட்டிய மரப்பலகையில் அள்ளிப் போட்டுத்தான் இவற்றை எண்ணினார்கள்.

கேள்வி (புத்தூர்): படுத்திருக்கும் காளை ஒருபுறம், குதிரைவீரன் மறுபுறம். பல்லவர் நந்தியா?

பதில்: காபூலையும் சிந்து நதிக்கரை உதபாண்டபுரத்தையும் ஆண்ட இந்து சாகி வமிசத்தின் காசு. காளைக்கு மேலே சாரதா என்னும் வடமேற்கு இந்திய எழுத்தில் 'ஸ்ரீ ஸ்பலபதிதேவ' அல்லது 'ஸ்ரீ சமந்ததேவ' என்று இருக்கும். தில்லி சுல்தான்கள் வரை இதே வடிவத்தை நகலெடுத்ததால், எழுத்தைப் படிக்காமல் காலத்தைச் சொல்ல இயலாது. எழுத்து மட்டும் தெரியும்படி நெருக்கமாக எடுத்த படம் ஒன்றை அனுப்புங்கள்.

கேள்வி (சத்தியவேடு): கிணறு ஆழப்படுத்தும்போது வெள்ளிக் காசுகள் கிடைத்தால் என்ன செய்ய வேண்டும்?

பதில்: 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்திருந்த பொருளின் மதிப்பு 10 ரூபாய்க்கு மேற்பட்டால் என்ன கிடைத்தது, எங்கே, எப்போது என்பதை மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். கேரளத்தில் இதற்கென 1968ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இருக்கிறது. நூறாண்டுக்கு மேற்பட்ட காசுகள் 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தொல்பொருள்கள் ஆதலால், அவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவது குற்றம். காசுகளைப் பங்கு பிரிக்காமல், கழுவாமல், அவை இருந்த பானையின் ஓட்டுத் துண்டுகளையும் சேர்த்து ஒப்படையுங்கள்.