குசினி வேலையா, லேரயா? பேர்னில் இருக்கும் தம்பிக்கு

தம்பி, மற்றவர்களுக்கும் விளங்கட்டும் என்று உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்கிறேன். உங்களுக்கு வயது 19. சுவிஸில் பேர்ன் மாநிலத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறீர்கள். எஃப் (F) விசா, அதாவது தற்காலிகமாக ஏற்றுக்கொள்ளப்பட்டவர்களுக்கான விசா, இப்போதுதான் கிடைத்திருக்கிறது. தெரிந்த அண்ணை ஒருவர் தன் ரெஸ்ரோறன்ட் குசினியில் (சமையலறையில்) முழுநேர வேலை தருகிறேன் என்கிறார். சமூகப் பணியாளரோ ஒரு வருட முன்பயிற்சி, அதன்பிறகு லேர, அதாவது வேலையிடத்திலும் பள்ளிக்கூடத்திலுமாகத் தொழில் பழகும் பயிற்சி என்கிறார். பயணத்துக்கு வாங்கிய கடனுக்கு வட்டி ஏறுகிறது. அந்தக் கிராமத்தில் ஒருவரும் முகம் கொடுத்துக் கதைப்பதில்லை என்றும் எழுதியிருந்தீர்கள்.

லேரயைப் பிடியுங்கள்.

தொண்ணூறுகளில் நாங்கள் வந்தபோது இப்படி இரண்டு வழி இருக்கவில்லை. கோப்பை கழுவுவது, ஹோட்டலில் கட்டில் விரிப்பது, அவ்வளவுதான். அகதிக் கேஸ் முடியாமல் வருடக்கணக்கில் N விசாவில், அதாவது முடிவுக்காகக் காத்திருப்பவர்களுக்கான விசாவில் இருந்தோம். நாளைக்கே திருப்பி அனுப்பப்படலாம் என்றிருப்பவருக்கு யார் தொழில் பழக்குவார்? அந்தக் குசினிகளில் நின்றவர்கள் பலருக்கு இன்று முழங்கால் போய்விட்டது, டொச்சும் (ஜெர்மன் மொழியும்) வரவில்லை.

இப்போது அரசாங்கமே வேறு கணக்குப் போடுகிறது. உங்களைப் போன்ற ஒருவருக்காக மத்திய அரசு மாநிலத்துக்குக் கொடுக்கும் ஒருங்கிணைப்புத் தொகையை 2019இல் 18,000 பிராங்காகக் கூட்டினார்கள். முன்பு 6,000தான். அந்தக் காசு உங்கள் கைக்கு வராது. டொச் வகுப்பாகவும் முன்பயிற்சியாகவும்தான் வரும். 16க்கும் 25க்கும் இடைப்பட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஐந்து வருடத்துக்குள் தொழிற்கல்வியிலோ மேற்படிப்பிலோ இருக்கவேண்டும் என்பது அவர்களின் இலக்கு. சமூகப் பணியாளர் உங்களை விடாமல் துரத்துவது அதனால்தான். அந்தத் துரத்தலைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

முன்பயிற்சி ஒரு வருடம். கிழமையில் சில நாள் வேலையிடம், சில நாள் பள்ளிக்கூடம். பிறகு இரண்டு வருட லேர, அல்லது மூன்று நான்கு வருட முழு லேர. இரண்டு வருடத்தை முடித்துவிட்டு மற்றதற்கும் ஏறலாம். முதல் வருடச் சம்பளம் சில நூறு பிராங்தான், உண்மை. ஆனால் சுவிஸ் பிள்ளைகளில் மூன்றில் இரண்டு பங்கினர் போகும் வழியும் இதுதான். (எங்கள் ஆட்கள் பிள்ளை பல்கலைக்கழகத்துக்குத் தயார்படுத்தும் ஜிம்னாசியம் பள்ளிக்குப் போகவில்லை என்று இழவு வீடு மாதிரி இருப்பார்கள். அதைக் காதில் போடாதீர்கள்.)

நான் முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறேன். எங்கள் பிரிவில் ஓர் எரித்திரியத் தம்பி லேர செய்கிறார். முதலில் ஒரு கிழமை வேலை பார்த்துப் பழக வந்தார். அந்தக் கிழமை முடிய, பொறுப்பாளர் மதிப்பீட்டுத் தாளில் அவருடைய டொச்சைப் பற்றி ஒரு வரிதான் எழுதினார். மிச்சமெல்லாம் வேறு: பஸ் பிந்தியபோது வேலை தொடங்குமுன்னே போன் எடுத்தார், வயோதிபரைத் தூக்குமுன் எப்படி என்று கேட்டார், ஒன்பது மணிக் கோப்பி இடைவேளையில் போனோடு மூலையில் நிற்காமல் எல்லாரோடும் மேசையில் இருந்தார். லேர இடம் கிடைத்தது. எங்களுக்கும் ஆள் பற்றாக்குறை, அதையும் சொல்லவேண்டும். வெளிநாட்டவர் கூடிவிட்டார்கள் என்று முறைப்பாடு சொல்லும் ஒரு முதியவர் அவரிடம்தான் சவரம் செய்துகொள்வார்.

கிராமத்து ஆட்களின் கதைக்கு வருவோம். சுவிஸ்காரர் தாமாக வந்து கதைக்கமாட்டார்கள். ஒரு வேலையில் பக்கத்தில் நின்றால் கதைப்பார்கள். கிராமத்து உதைபந்தாட்டக் கழகத்தில் சேருங்கள். விழா நாளில் சொசேஜ் சுடவும் மேசை அடுக்கவும் கை குறைவாகத்தான் இருக்கும், போய் நில்லுங்கள். தொண்டர் தீயணைப்புப் படையிலும் விசாரியுங்கள்; பல ஊர்களில் அதற்கு ஆள் கிடைப்பது கஷ்டம், சேவை செய்யாதவர் வரி கட்டுகிறார். ரோட்டில் வணக்கத்தை முதலில் நீங்கள் சொல்லுங்கள்.

கடன்தான் கஷ்டம். குசினிக்குப் போனால் கெதியாக அடையும், மறுக்கவில்லை. ஆனால் 2020 மார்ச்சில் கொரோனாவுக்கு ரெஸ்ரோறன்ட்களைப் பூட்டியபோது கையில் தொழில் பத்திரம் இல்லாதவர்கள் பட்ட பாட்டைப் பார்த்தேன். ஐந்து வருடத்துக்குப் பிறகு பி (B) விசாவுக்கு, அதாவது வதிவிட அனுமதிக்கு விண்ணப்பிக்கும்போது வேலை, மொழி, சோசியல் காசில் (அரச உதவிப் பணத்தில்) இருக்கிறீர்களா என்றெல்லாம் பார்ப்பார்கள். லேர முடித்தவருக்கு அந்த இடத்தில் பயமில்லை. ஊருக்குப் போன் எடுத்து, இத்தனை வருடத்துக்கு மாதம் இவ்வளவுதான் என்று ஒரு சின்னத் தொகையைத் திடமாகச் சொல்லுங்கள். அண்ணை பாதிச் சம்பளத்தைக் கறுப்பில் (கணக்கில் காட்டாமல்) தருகிறேன் என்றால் மட்டும் ஒரு நாளும் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஓய்வூதியக் கணக்கிலும் ஏறாது, பிடிபட்டால் விசாவுக்கும் ஆபத்து. முறையாகத் தருவதென்றால் 2019இலிருந்து முதலாளி இணையத்தில் அறிவித்தாலே போதும், அதனால் கஷ்டம் என்று யாரும் சாட்டுச் சொல்லமுடியாது.

லேர ஓகஸ்டில் தொடங்கும், ஆனால் இடங்களுக்கு ஒரு வருடம் முன்னரே ஆள் எடுப்பார்கள். அதனால் இந்தக் கிழமையே சமூகப் பணியாளரிடம் ஓம் என்று சொல்லிவிடுங்கள். ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) சான்றிதழின் மூலப்பிரதியை அம்மாவிடம் பதிவுத் தபாலில் அனுப்பச் சொல்லுங்கள், மொழிபெயர்க்க நாளெடுக்கும்.