லண்டனில் சனி, ஞாயிறு: குடும்பத்தோடு எங்கே போவது?

தங்கச்சி, உங்கள் கேள்வியைப் படித்தேன். திருச்சியிலிருந்து வந்து இரண்டு மாதம், ஈஸ்ட் ஹாமில் வாடகை வீடு, ஒன்பது வயதில் பையன், ஐந்து வயதில் பெண், கார் கிடையாது, வீட்டில் எல்லாரும் சைவம். போன சனிக்கிழமை ஊர் சுற்றக் கிளம்பியதில் நூற்றைம்பது பவுண்ட் கரைந்துவிட்டது. "இனி வெளியே கிளம்பவே பயமா இருக்கு, இந்த ஊர்ல குடும்பமா எங்கேக்கா போறது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்தப் பணம் எங்கே போயிருக்கும் என்று எனக்குத் தெரியும். டிக்கெட் வைத்த பெரிய இடம் ஒன்றில் நாலு பேருக்குக் கட்டணம், பசி வந்ததும் எதிரில் கண்ணில் பட்ட கடையில் நாலு பீட்சா. நாலு நாள் வந்து பார்த்துவிட்டு விமானம் ஏறுகிறவர்கள் அப்படித்தான் செலவழிப்பார்கள், அவர்களுக்கு வேறு வழியில்லை. நீங்கள் இங்கே குடியிருக்கிறீர்கள். உங்கள் கணக்கே வேறு.

இங்குள்ள தேசிய மியூசியங்களில் நிரந்தரக் காட்சிகளைப் பார்க்க 2001 டிசம்பரிலிருந்து யாருக்கும் கட்டணம் இல்லை. பிரிட்டிஷ் மியூசியம் 1759-ல் திறந்தபோதே இலவசம். காசு மிச்சம் என்பது இதில் பாதி லாபம்தான். மீதிப் பாதி, நினைத்தபோது எழுந்து வரலாம் என்பது. டிக்கெட் வாங்கியிருந்தால் கொடுத்த காசுக்குப் பார்த்தே தீருவோம் என்று, அழுகிற பிள்ளையை இழுத்துக்கொண்டு மூடுகிற நேரம் வரை அலைவோம். இலவச இடத்தில் ஒன்றரை மணி நேரம் பார்த்துவிட்டு, பெண் சிணுங்க ஆரம்பித்ததும் பேசாமல் பார்க்குக்குப் போய்விடலாம். மீதி எங்கும் ஓடிப்போகாது, அடுத்த மாதம் வந்து பார்த்துக்கொள்ளலாம். என் பிள்ளைகள் இரண்டும் அப்படித் துண்டு துண்டாகப் பார்த்துத்தான் வளர்ந்தார்கள்.

முதலில் சவுத் கென்சிங்டன் போங்கள். உங்கள் ஸ்டேஷனிலிருந்து மாறாமலே போகலாம், முக்கால் மணி நேரம் ஆகும். பச்சை டிஸ்ட்ரிக்ட் லைன் ரயிலாகப் பார்த்து ஏறுங்கள். அதே பிளாட்பாரத்தில் வரும் பிங்க் லைன் ரயில் வேறு பக்கம் திரும்பிவிடும். இறங்கினால் தெருவுக்கு ஏறாமல் சுரங்கப்பாதை வழியாகவே மியூசியங்கள் பக்கம் நடக்கலாம். 1885-ல் போட்ட பாதை, மழை நாளில் அருமை தெரியும். மூன்று மியூசியங்கள் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் மூன்றையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று உங்கள் வீட்டுக்காரர் சொல்வார். ஒத்துக்கொள்ளாதீர்கள்.

இயற்கை வரலாற்று மியூசியத்தில் கூட்டமெல்லாம் பெரிய முன்வாசலில் நிற்கும். நீங்கள் எக்ஸிபிஷன் ரோடு பக்கத்து வாசலில் நுழையுங்கள். அங்கே ஒரு ஸ்டெகோசாரஸ் எலும்புக்கூடு நிற்கும். அதைத் தாண்டினால் பிரம்மாண்டமான பூமி உருண்டை ஒன்று, அதன் வயிற்றுக்குள் புகுந்து மேலே போகிறது எஸ்கலேட்டர். எரிமலை, நிலநடுக்கப் பகுதியில் ஜப்பானியப் பலசரக்குக் கடை ஒன்றை அப்படியே அமைத்திருக்கிறார்கள். 1995 கோபே நிலநடுக்கத்தின்போது கடை எப்படி ஆடியதோ அப்படித் தரை ஆடும், அலமாரிகள் கடகடக்கும். பையன் திரும்பத் திரும்ப வரிசையில் நிற்பான், பெண் உங்கள் இடுப்பில் ஏறிக்கொள்வாள். பிறகு பெரிய மண்டபத்துக்குப் போய் அண்ணாந்து பாருங்கள். 25 மீட்டர் நீள நீலத் திமிங்கில எலும்புக்கூடு கூரையிலிருந்து பாய்கிற நிலையில் தொங்கும். 1891-ல் அயர்லாந்தின் வெக்ஸ்ஃபோர்டு கரையில் ஒதுங்கிய திமிங்கிலம் அது. 2017-ல்தான் இந்த மண்டபத்துக்கு வந்தது, அதற்கு முன் இதே இடத்தில் டிப்ளோடோகஸ் டைனோசரின் அச்சு வார்ப்பு நின்றது. டைனோசர் பகுதி வார இறுதியில் நெரியும், ஆனால் அதைக் காட்டாமல் பையன் வீட்டுக்கு வர மாட்டான். காலை பத்து மணிக்குக் கதவு திறக்கும்போதே போய்விட்டால் முதல் வேலையாக அதை முடித்துவிடலாம். இலவசம்தான் என்றாலும் இணையத்தில் நேரம் பதிவு செய்துகொண்டு போங்கள்.

பக்கத்து அறிவியல் மியூசியத்தை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். 1969 மே மாதம் நிலவைச் சுற்றிவிட்டு வந்த அப்பல்லோ 10 கலம் அங்கே இருக்கிறது. பூமிக்குள் நுழையும்போது கருகிய அடிப்பாகத்தைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம். உள்ளே வொண்டர்லேப் என்ற பகுதிக்கு டிக்கெட் உண்டு, பையன் கேட்பான், பிறந்தநாளுக்கு என்று சொல்லி வையுங்கள். மூன்றாவதான விக்டோரியா அண்ட் ஆல்பர்ட், பிள்ளைகளோடு போனால் எனக்கு ஒரே காரணத்துக்குத்தான் உதவியது. நடு முற்றத்தில் முழங்காலுக்கும் கீழே தண்ணீர் நிற்கும் குளம் ஒன்று இருக்கிறது, வெயில் நாளில் குழந்தைகள் இறங்கி ஆடுவார்கள், யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். துண்டும் மாற்றுத்துணியும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பிரிட்டிஷ் மியூசியத்தை ஆளாளுக்கு முதலில் சொல்வார்கள். ஐந்து வயதுப் பிள்ளைக்கு அது கொஞ்சம் அதிகம். எகிப்து மம்மிகளைக் காட்டிவிட்டு, 33-ஆம் அறைக்கு ஒரு நடை போங்கள். சோழர் காலத்து நடராஜரும், திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் எங்கோ கிடைத்த, பொன்முலாம் பூசிய தாரா சிலையும் அங்கே இருக்கின்றன. நடராஜர் முன்னால் பையன் "இவர் எப்படிம்மா இங்க வந்தார்?" என்று கேட்பான். பதிலை யோசித்து வைத்துக்கொண்டு போங்கள், சுலபமான கேள்வி இல்லை. வெள்ளிக்கிழமைகளில் இரவு எட்டரை வரை திறந்திருக்கும், அப்போது கூட்டம் குறைவு.

போக்குவரத்துச் செலவை நீங்கள் கூட்டித்தான் நினைத்திருக்கிறீர்கள். பதினொரு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு டியூப் என்ற சுரங்க ரயில், டி.எல்.ஆர் என்ற சிறு ரயில், பஸ் எதிலும் கட்டணம் இல்லை. டிக்கெட் உள்ள பெரியவர் ஒருவர் கூட வந்தால் நாலு பிள்ளைகள் வரை போகலாம், அகலக் கதவு வழியாகச் சேர்ந்தே நுழையுங்கள். ஆக உங்கள் வீட்டில் செலவு இரண்டு பேருக்குத்தான். வார இறுதியில் பீக் கட்டணமும் (நெரிசல் நேரத்துக் கூடுதல் கட்டணம்) கிடையாது. ஆளுக்கு ஒரு வங்கி அட்டையை வைத்துக்கொண்டு நாள் முழுக்க அதையே தட்டுங்கள். காலையில் அட்டை, மாலையில் போன் என்று மாற்றினால் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்ற உச்ச வரம்பு உங்களுக்குக் கிடைக்காமல் போகும்.

இன்னொரு சூட்சுமம், பள்ளிக்கூடத்தின் இன்செட் நாள். ஆசிரியர்களுக்குப் பயிற்சி, பிள்ளைகளுக்கு விடுமுறை. பள்ளிக்குப் பள்ளி தேதி மாறுவதால் அன்றைக்கு உங்கள் பிள்ளைகளுக்கு மட்டும் லீவு, ஊரே வேலையில் இருக்கும், மியூசியம் காலியாகக் கிடக்கும். பள்ளி அனுப்பும் வருட அட்டவணையில் பார்த்து வீட்டுக்காரரை முன்கூட்டியே லீவு சொல்ல வையுங்கள். மாறாக, அக்டோபர் கடைசியிலும் பிப்ரவரி நடுவிலும் வரும் ஹாஃப் டெர்ம் பள்ளி விடுமுறை வாரத்தில் சவுத் கென்சிங்டன் பக்கம் தலை வைத்துப் படுக்காதீர்கள்.

எப்போதும் நகரத்துக்குள்ளேயே போக வேண்டும் என்றும் இல்லை. விக்டோரியா அண்ட் ஆல்பர்ட்டின் (சுருக்கமாக வி அண்ட் ஏ) குழந்தைகள் மியூசியமான யங் வி அண்ட் ஏ பெத்னல் கிரீனில் இருக்கிறது. மைல் எண்டில் இறங்கி, அதே பிளாட்பாரத்தின் எதிர்ப்பக்கம் வரும் சென்ட்ரல் லைன் ரயிலில் ஏறினால் அடுத்த ஸ்டேஷன். 2023-ல் புதுப்பித்துத் திறந்தார்கள், முழுக்க முழுக்கக் குழந்தைகளுக்கு, இலவசம். உங்கள் பெண்ணுக்கு லண்டனிலேயே பிடித்த இடம் அதுவாகத்தான் இருக்கும். ஸ்ட்ராட்ஃபோர்டு ஒலிம்பிக் பார்க்கில் டம்ப்ளிங் பே என்ற விளையாட்டு இடம் இருக்கிறது. மணல், தண்ணீர், மரத்துக்கு மரம் தொங்கும் பாலம் எல்லாம் உண்டு. அதே பார்க்கின் மறு ஓரத்தில் 2025 மே மாதம் வி அண்ட் ஏ ஈஸ்ட் ஸ்டோர்ஹவுஸ் திறந்திருக்கிறார்கள். மியூசியத்தின் கிடங்கையே மக்களுக்குத் திறந்துவிட்ட மாதிரி, நாற்காலி, ரேடியோ, சிலை, ஆக்ராவிலிருந்து வந்த பளிங்குத் தூண் வரிசை என்று மாடி மாடியாக அடுக்கியிருக்கிறது. கண்ணாடிப் பேழை குறைவு, பிள்ளைகள் கையை உங்கள் கைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

காசே இல்லாத மாதக் கடைசிக்கு உல்விச் படகு. 474 பஸ் பிடித்து நார்த் உல்விச் போனால் கார், லாரியெல்லாம் ஏற்றிக்கொண்டு தேம்ஸைக் கடக்கும் படகு நிற்கும். 1889-லிருந்து இலவசம். தலைக்கு மேலே சிட்டி ஏர்போர்ட் விமானம் தாழ்ந்து போகும். அக்கரையில் கொஞ்சம் சுற்றிவிட்டுத் திரும்பும்போது படகில் வராமல், ஆற்றுக்கு அடியில் போகும் 1912-ஆம் வருடத்துச் சுரங்கத்தில் நடந்து வாருங்கள். வெள்ளை ஓடு பதித்த குழாய், அரை கிலோமீட்டர். பிள்ளைகள் கத்தினால் எதிரொலி ஓடிப்போய்த் திரும்பி வரும், என் பிள்ளைகள் அதற்காகவே போக வேண்டும் என்பார்கள். லிஃப்ட் எப்போது வேலை செய்யும் என்று சொல்ல முடியாது, புஷ்சேர் இருந்தால் படிக்கட்டில் தூக்க வேண்டியிருக்கும்.

பார்க்குக்கு நாளைப் பார்த்துத்தான் போக வேண்டும். டிசம்பரில் மாலை நாலு மணிக்கு முன்பே இருட்டிவிடும், ஜூனில் இரவு ஒன்பது வரை வெளிச்சம். அதனால் குளிர்காலத்துக்கு மியூசியம், கோடைக்குப் பார்க் என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் கடைசியில் வான்ஸ்டெட் பார்க்கில் மரங்களுக்குக் கீழே தரை முழுக்க ஊதாநீலமாக ப்ளூபெல் பூத்திருக்கும், உங்களுக்குப் பக்கம்தான். கட்டை போட்டுப் பிரித்த பாதையை விட்டு இறங்கிப் போட்டோ எடுக்காதீர்கள், மிதித்த இடத்தில் அடுத்த வருடம் வராது. மான் பார்க்க ரிச்மண்ட் பார்க் போகலாம், 2,500 ஏக்கரில் 600-க்கும் மேலே மான்கள் அலைகின்றன. ஒரு கோடியிலிருந்து இன்னொரு கோடிக்குப் போகிற பயணம் என்பதால் நீண்ட கோடை நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஐம்பது மீட்டர் தள்ளியே நிற்க வேண்டும், செப்டம்பர், அக்டோபரில் ஆண் மான்கள் முட்டிக்கொள்ளும் காலம், அப்போது இன்னும் தள்ளி.

சாப்பாட்டுக்கு வருகிறேன். திருச்சிக்காரர்களுக்குக் கட்டுசாதத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, ஆடிப்பெருக்குக்கு அம்மா மண்டபத்துக்குக் கட்டுவதைப் போலவே கட்டுங்கள். புளியோதரையும் எலுமிச்சை சாதமும் குளிரில் விறைத்துப்போகும், அதனால் குளிர்காலத்தில் வாயகன்ற ஃபிளாஸ்கில் சூடாக சாம்பார் சாதம். இயற்கை வரலாற்று மியூசியத்திலும் அறிவியல் மியூசியத்திலும் கொண்டுபோனதை உட்கார்ந்து சாப்பிட இடமே ஒதுக்கியிருக்கிறார்கள். சுற்றிலும் எல்லாரும் சாண்ட்விச் டப்பாவைத் திறந்துகொண்டுதான் இருப்பார்கள், கூச்சம் வேண்டாம். ரயிலுக்குள் மட்டும் டப்பாவைத் திறக்காதீர்கள்.

வெளியே உட்கார்ந்து சாப்பிடுவதென்றால் நாலு விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள். இங்கே வெஜிடேரியன் என்றால் முட்டை இருக்கலாம், முட்டையும் ஆகாது என்றால் வீகன் என்று போட்டதைத்தான் நம்ப வேண்டும். உருளை சிப்ஸ், மீன் பொரித்த எண்ணெயிலா என்று கேளுங்கள், சில கடைகளில் மாட்டுக் கொழுப்பிலேயே பொரிப்பார்கள். பிள்ளைகளுக்குக் கொடுக்கும் ஜெல்லி மிட்டாய், மார்ஷ்மெல்லோவில் பெரும்பாலும் ஜெலட்டின். தண்ணீர் என்று மட்டும் சொன்னால் பாட்டில் வந்து காசு ஏறும். டாப் வாட்டர் என்று சொல்லுங்கள், மது விற்க லைசென்ஸ் உள்ள கடை அதைச் சும்மா கொடுத்தாக வேண்டும். பில்லில் 12.5 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் இருந்தால், அது உங்கள் விருப்பம் என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். கவனிப்பு சரியில்லை என்றால் எடுக்கச் சொல்லலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். வாசலில் ஒட்டியிருக்கும் பச்சை, கறுப்புச் சுகாதார ஸ்டிக்கரில் ஐந்து என்றால் நிம்மதி. இங்கிலாந்தில் அதை ஒட்ட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, அதனால் ஒட்டாத கடையை நான் ஒரு கண் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

என் பழக்கம், பகலில் கட்டுசாதம், இரவில் நம் ஏரியாவுக்குத் திரும்பி ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் சூடாகத் தோசை. நகரத்துக்குள் ஒரு ஆள் சாப்பிடும் காசில் இங்கே குடும்பமே சாப்பிடலாம். ஈழத்துக் கடைகளில் சைவ ரோல்ஸும் கொத்தும் வாங்கிப் பாருங்கள், கல் தனியா என்று கேட்டுக்கொண்டு.

மே மாதம் வந்ததும் கடல். ஈஸ்ட் ஹாமுக்கு அடுத்த ஸ்டேஷன் பார்க்கிங் (Barking), அங்கே சவுத்எண்டுக்கு நேர் ரயில். டியூப் போல இதில் பிள்ளைகளுக்கு இலவசம் இல்லை, ஐந்து வயதிலிருந்து அரை டிக்கெட். ஃபேமிலி அண்ட் ஃபிரண்ட்ஸ் ரயில்கார்டு வாங்கினால் பெரியவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கும் பிள்ளைகளுக்கு 60 சதவீதமும் குறையும். கடலுக்குள் இரண்டு கிலோமீட்டருக்கும் மேலே நீளும் பாலம், அதன் மேல் ஒரு குட்டி ரயில். கடல் ஏறி இறங்கும் ஓத நேரம் பார்க்காமல் போனால் கடலே இருக்காது, கண்ணுக்கெட்டிய தூரம் சேறுதான்.

கடைசியாக ஒன்று. வார இறுதியில் ஏதாவது ஒரு லைனில் வேலை நடந்துகொண்டே இருக்கும். டிஸ்ட்ரிக்ட் லைன் ஓடுகிறதா என்று வெள்ளிக்கிழமை இரவே லண்டன் போக்குவரத்துத் துறையின் டி.எஃப்.எல் கோ செயலியில் பாருங்கள். ஓடினால் பத்து மணிக்கு சவுத் கென்சிங்டன். ஓடாவிட்டால், பஸ்ஸில் ஸ்ட்ராட்ஃபோர்டு.