ஆயில் ஸ்டிக் பொய் சொல்லுமா?

கேள்வி: தினமும் விடியற்காலையில் மல்லிகைப்பூ மூட்டையோடு ஸ்பிளெண்டரில் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் போகிறேன். வாரம் ஒருமுறை ஸ்டிக்கை எடுத்து ஆயில் பார்ப்பேன். ஒரு வாரம் மேல்கோட்டில் நிற்கிறது, மறுவாரம் கீழ்க்கோட்டைக்கூடத் தொடவில்லை. குறையும்போதெல்லாம் ஊற்றினேன். இப்போது ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் ஆயில் நிற்கிறது. எஞ்சின் போய்விட்டதா?
*(வாசகர், உசிலம்பட்டி)*

பதில்: எஞ்சினைப் பிரிக்கவே வேண்டாம். நீங்கள் அளவு பார்க்கும் விதத்தில்தான் கோளாறு இருக்கும்.

சைடு ஸ்டாண்டில் போட்டால் வண்டி இடதுபுறம் சாய்கிறது. ஸ்டிக் இருப்பதோ வலதுபுறம். ஆயில் இடப்பக்கம் ஒதுங்குவதால், முழு அளவு இருந்தாலும் ஸ்டிக்கில் குறைவாகவே காட்டும். அதை நம்பித்தான் கூடுதலாக ஊற்றியிருக்கிறீர்கள். இதற்கு நேர்மாறான தப்பு ஒன்றும் உண்டு. ஸ்டிக்கை மரை ஏறத் திருகிப் பார்த்தால் அது இன்னும் ஆழமாக இறங்கும். குறைந்த ஆயிலும் நிறைந்ததாகத் தெரியும். இரண்டில் இதுதான் ஆபத்தானது.

சமதரையில் சென்டர் ஸ்டாண்டு போடுங்கள். மூன்று நிமிடம் எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு அணையுங்கள். ஹெட்டுக்கு, அதாவது எஞ்சினின் மேல்பகுதிக்கு ஏறிய ஆயில் கீழே வடிந்து சேர இன்னொரு மூன்று நிமிடமாவது ஆகும், பொறுங்கள். ஸ்டிக்கைச் சுற்றியுள்ள மண்ணைத் துடைத்துவிட்டுத்தான் திறக்க வேண்டும். கிராமத்துப் புழுதி உள்ளே விழுந்தால் ஆயிலோடு கலந்து பேரிங்கை அரிக்கும். ஸ்டிக்கை நூல் பிரியாத துணியால் துடைத்து, திருகாமல் துளையில் உட்காரவைத்து எடுங்கள். ஈரம் இரண்டு கோடுகளுக்கு நடுவில் இருந்தால் போதும். மேல்கோட்டைத் தொட்டே ஆகவேண்டும் என்பதில்லை.

ஆயில் மிஞ்சினால், எஞ்சினுக்குள் சுழலும் கிராங்க் தண்டு அதை அடித்து நுரையாக்குகிறது. அந்த நுரை, எஞ்சினுக்குள் சேரும் காற்றை வெளியேற்றும் பிரீதர் குழாய் வழியே ஏர் ஃபில்டர் பெட்டிக்கு வந்துவிடும். மருந்துக் கடையில் பெரிய சிரிஞ்ச் வாங்கி, மெல்லிய டியூப் மாட்டி, ஸ்டிக் துளை வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சி எடுத்து மேல்கோட்டுக்குக் கீழே கொண்டுவாருங்கள். பெட்டியைத் துடையுங்கள். பிரீதரிலிருந்து வந்த ஆயிலில் நனைந்த பேப்பர் ஃபில்டரை மாற்றத்தான் வேண்டும், காற்று அடித்தால் சரியாகாது.

கேள்வி: ஒழுகல் எங்கும் இல்லை. ஆனாலும் மாதாமாதம் ஆயில் குறைகிறது. எங்கே போகிறது?
*(வாசகர், திருமங்கலம்)*

பதில்: முதலில் ஒழுகல் இல்லை என்பதை உறுதி செய்யுங்கள். டிரெய்ன் நட்டின் வாஷர், கியர் ஷாஃப்ட் சீல், செயின் ஸ்பிராக்கெட் கவருக்கு உட்பக்கம் ஆகிய மூன்று இடங்களில் கசிவது ஓடும்போது காற்றில் பரவிவிடும். நிறுத்திய இடத்தில் சொட்டு விழாது. அங்கே புழுதி பிசுபிசுப்பாக அப்பியிருந்தால் அதுதான் அடையாளம்.

அங்கும் இல்லையென்றால் புகையைப் பாருங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் நீலப்புகை வந்து அடங்கினால் வால்வு சீல். பாரம் ஏற்றி முறுக்கும்போது தொடர்ந்து வந்தால் பிஸ்டன் ரிங் அல்லது போர் (சிலிண்டரின் உட்சுவர்) தேய்மானம். சீல் மாற்றுவது சின்ன வேலை, போர் பெரிய செலவு. ஆகவே மெக்கானிக்கிடம் போகுமுன் புகை எப்போது வருகிறது என்று கவனித்துச் சொல்லுங்கள்.

நூறு சிசி வண்டிகள் பலவற்றில் மொத்த ஆயிலே ஒரு லிட்டருக்குள்தான். அதில் 200 மில்லி குறைந்தால் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் போனது மாதிரி. மிச்ச ஆயில் சித்திரை வெயிலில் இன்னும் சூடேறும், முதல் அடி ஹெட்டுக்குத்தான். ஹெட்டில் வால்வுப் பக்கம் கேட்கும் 'டக்டக்' என்ற டேப்பட் சத்தம் கூடியிருந்தால் உடனே அளவைப் பாருங்கள். குறைந்தால் 50 மில்லியாக ஊற்றி, காத்திருந்து, மறுபடி பாருங்கள். பாரம் இழுக்கும் பழைய வண்டியென்றால் 500 கிலோமீட்டருக்கு ஒருமுறையாவது பார்ப்பது நல்லது.

கேள்வி: மழையில் வைகைக் கரையோரத் தண்ணீரில் வண்டி இறங்கி நின்றுவிட்டது. இப்போது ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருக்கிறது.
*(வாசகர், சிம்மக்கல்)*

பதில்: ஸ்டார்ட் செய்யாதீர்கள். தண்ணீர் கலந்த ஆயிலால் பேரிங்கைக் காப்பாற்ற முடியாது. முழுக்க வடித்துவிட்டு, பிளக்கைக் கழற்றி கிக்கரை மெதுவாக மிதித்து சிலிண்டரில் தண்ணீர் நிற்கிறதா என்று பாருங்கள். ஏர் ஃபில்டர், கார்புரேட்டர் காய்ந்த பிறகே புது ஆயில் ஊற்றி ஐந்து நிமிடம் ஓடவிட்டு, அதையும் வடித்து மறுபடி நிரப்புங்கள். இரண்டாவது முறையும் பால் நிறம் வந்தால் மூன்றாவது முறையும் மாற்றத்தான் வேண்டும்.

தண்ணீரில் இறங்காத கார்புரேட்டர் வண்டியில் ஆயில் அளவு தானாக ஏறி, பெட்ரோல் வாசனை அடித்தால், கார்புரேட்டருக்குள் பெட்ரோலை நிறுத்தும் மிதவை ஊசி சரியாக அடைக்காமல் பெட்ரோல் ஆயிலில் இறங்குகிறது என்று அர்த்தம். அதைச் சரிசெய்யாமல் ஆயிலை மட்டும் மாற்றுவது வீண்.

கேள்வி: கார் சர்வீஸில் மிஞ்சிய ஆயிலை பைக்கில் ஊற்றலாமா?
*(வாசகர், மேலூர்)*

பதில்: கூடாது. பெரும்பாலான பைக்கில் கிளட்ச் பிளேட்டுகள் எஞ்சின் ஆயிலிலேயே மூழ்கியிருக்கும். பல கார் ஆயில்களில் உராய்வைக் குறைக்கும் சேர்மானம் உண்டு. அதனால் கிளட்ச் வழுக்கும். டப்பாவில் ஆயிலில் மூழ்கிய கிளட்சுக்கு ஏற்றது என்பதற்கான தரக்குறியான 'ஜாசோ எம்ஏ' (JASO MA) அல்லது 'எம்ஏ2' (MA2) என்று இருக்கிறதா, கிரேடு உங்கள் வண்டிப் புத்தகத்தில் சொன்னதுதானா என்று பார்த்து வாங்குங்கள்.