ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தையே வரவில்லை என்று எழுதிய சகோதரிக்கு

அன்புச் சகோதரி, அம்மாவின் நோயும் வேலை நெருக்கடியுமாக ஆறு மாதம் ஓடிவிட்டது, ஜெபித்தால் சுவரோடு பேசுவது போல இருக்கிறது, விசுவாசமே செத்துவிட்டதோ என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. செத்திருந்தால் இந்தக் கேள்வி உங்களை இவ்வளவு வாட்டாது.

வேதாகமத்தில் 1 இராஜாக்கள் 19-ம் அதிகாரத்தை மெதுவாக வாசியுங்கள். சூரைச்செடியின் கீழ் எலியா தீர்க்கதரிசி “போதும் கர்த்தாவே” என்று சொல்லிப் படுத்துவிடுகிறார். தேவதூதன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் தலைமாட்டில் இருக்கின்றன. சாப்பிடுகிறார், மறுபடி தூங்குகிறார். தூதன் திரும்பவும் எழுப்பிச் சாப்பிடச் சொல்கிறான். ஓரேப் மலையில் கர்த்தர் பேசுவது அதற்கு அப்புறம்தான். நீங்கள் எத்தனை நாளாக ஒழுங்காகத் தூங்கவில்லை? முதலில் அதைப் பாருங்கள். அம்மாவை ஒரு இரவாவது வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும். அதைக் கேட்கத் தயங்காதீர்கள்.

வார்த்தை வராத நாளில் சங்கீதம் 88-ஐச் சத்தமாக வாசியுங்கள், போதும். கடைசி வசனம் வரை அது துதியாக மாறவே இல்லை. ஆனாலும் அது வேதத்தில் இருக்கிறது! எனக்கும் இப்படி ஒரு வருடம் போனது. அந்தச் சங்கீதம் மட்டும்தான் அப்போது என் ஜெபம்.

தூக்கமின்மையும் வெறுமையும் தொடர்ந்தால் மருத்துவரையும் பாருங்கள். அது அவிசுவாசம் ஆகாது. இன்று இரவு உங்களுக்காகவும் அம்மாவுக்காகவும் ஜெபிக்கிறேன்.