யூரிகேஸ் நொதியைத் தடுப்பவை: வாசகர் கேள்விகள்

யூரிகேஸைத் தடுக்கும் மருந்தைச் சாப்பிட்டால் யூரிக் அமிலம் குறையுமா?

தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறீர்கள். யூரிகேஸ் யூரிக் அமிலத்தைச் சிதைக்கும் நொதி; அதைத் தடுத்தால் அமிலம் ஏறத்தான் செய்யும். மனிதர்களுக்கு அந்தக் கவலையும் இல்லை. நம் உடலில் அதற்கான மரபணு எப்போதோ செயலிழந்துவிட்டது. நீங்கள் கேள்விப்பட்டது அலோப்யூரினால் என்ற மருந்தாக இருக்கும். அது யூரிக் அமிலத்தை உருவாக்கும் சாந்தின் ஆக்சிடேஸைத் தடுக்கிறது.

பிறகு எதற்கு இந்தத் தடுப்பான்கள்?

எலிகளுக்கு யூரிகேஸ் உண்டு. அதனால் அவற்றின் ரத்தத்தில் யூரிக் அமிலம் தங்காது. பொட்டாசியம் ஆக்சோனேட் என்ற தடுப்பானைக் கொடுத்து அளவைத் தற்காலிகமாக ஏற்றிவிட்டுத்தான், கவுட் எனும் யூரிக் அமில மூட்டுவாதத்துக்கான புதிய மருந்துகளைச் சோதிக்கிறார்கள்.

8-அசாசாந்தின், சயனைடு இரண்டும் ஒரே வழியிலா தடுக்கின்றன?

இல்லை. 8-அசாசாந்தின் உருவத்தில் யூரிக் அமிலத்தை ஒத்தது. நொதியின் குழிக்குள் அதே இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும், ஆனால் வினைபுரியாது. யூரிக் அமிலத்தை அதிகமாகச் சேர்த்தால் இடத்தை விட்டுக்கொடுத்துவிடும்; இதுதான் போட்டித் தடுப்பு.

சயனைடு விஷயம் சுவாரசியமானது. சயனைடு என்றதும் இரும்பு போன்ற உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும் என்றே நினைப்போம். ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் பூஞ்சையின் யூரிகேஸில் உலோகமே கிடையாது! படிக அமைப்பைப் பார்த்தால் யூரிக் அமிலம் தன் இடத்தில் அப்படியே இருக்கிறது. அதன் தட்டையான வளையத்துக்கு மேலே, வினைக்குத் தேவையான ஆக்சிஜன் வந்து நிற்க வேண்டிய இடத்தைச் சயனைடு அடைத்திருக்கிறது. இங்கே யூரிக் அமிலத்தை எவ்வளவு கொட்டினாலும் பயனில்லை.

எங்கள் தாவரச் சாறு யூரிகேஸை முழுவதுமாகத் தடுத்தது. நம்பலாமா?

எந்த முறையில் அளந்தீர்கள் என்பதைப் பொறுத்தது. யூரிகேஸ் வினையில் ஹைட்ரஜன் பெராக்சைடு வெளிவரும். அந்தப் பெராக்சைடைக் கொண்டு நிறத்தை உண்டாக்கும் பெராக்சிடேஸ் நொதியைச் சேர்த்து, நிறம் வருகிறதா என்று பார்த்திருந்தால் நான் நம்ப மாட்டேன். சாற்றிலுள்ள ஆக்சிஜனேற்றத் தடுப்பிகள் அந்தப் பெராக்சைடையோ நிறத்தையோ அழித்திருக்கலாம். நொதி பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருக்கும். 293 நானோமீட்டரில் யூரிக் அமிலத்தின் ஒளி உறிஞ்சல் குறைவதை நேரடியாக அளந்து பாருங்கள். சாறே அந்த அலைநீளத்தில் ஒளியை உறிஞ்சக்கூடும் என்பதால், நொதி சேர்க்காத குவெட் (ஒளி உறிஞ்சலை அளக்கும் சிறு குப்பி) ஒன்றையும் உடன் வையுங்கள்.

ராஸ்புரிகேஸ் பெற்றவரின் ரத்த மாதிரியை ஐஸில் வைப்பது ஏன்?

யூரிக் அமிலத்தைக் குறைக்கக் கொடுக்கும் ராஸ்புரிகேஸ் மருந்து என்பதே யூரிகேஸ்தான். குழாய்க்குள்ளும் அது யூரிக் அமிலத்தைத் தின்றுகொண்டிருக்கும். அளவு பொய்யாகக் குறைந்து காட்டும். குளிர் அதன் வேகத்தை மட்டுப்படுத்தும், அவ்வளவே. ஆகவே பரிசோதனையைத் தாமதிக்கக் கூடாது.